மீனுக்கு மேலே துவக்கு

நவம்பர் 9, ஞாயிறு

மான் வேட்டைத் துவக்கின் இரும்புப் பாகம் மரப்பிடிக்குள் ஆடாமல் இருந்தால்தான் குறி தவறாது என்று புவாண்ட்-கிளேரில் என்னோடு வேலை செய்யும் நண்பர் சொன்னார். நேற்று கராஜில் மரப்பிடிக்குள் எப்பொக்சிப் பசை ஊற்றி இரும்பை இருத்தினேன். பசை மரத்தில் மட்டும் இறுகி, பிறகு கழற்ற முடியாதபடி இரும்பைப் பிடிக்காமலிருக்க இரும்பில் மெழுகு பூச வேண்டும். தோசைக்கல்லுக்குப் போதுமானது இதற்கும் போதும் என்று நான் நல்லெண்ணெய் பூசினேன். மடையன். இன்று காலை திருகாணிகளைக் கழற்றியும் இரும்பு அசையவில்லை.

குளிரில் இரும்பு சுருங்கிக் கழலும் என்று அப்படியே பெரிய ஃப்ரீசருக்குள் வைத்தேன். பின்னேரம் மீன் எடுக்க வந்த வசந்தி கண்டுவிட்டாள். துவக்கு வாங்கிய நாளிலிருந்து அவள் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"என்னப்பா இது, மீனுக்கு மேல துவக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். "ஒருக்காப் பிடிக்கிறியா? நான் தட்டுறன்."

மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். உள்ளே வெடி இருக்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை. வெடி போடும் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். துவக்கு லைசென்ஸ் வகுப்பில் எனக்குப் படிப்பித்த அதே முறை.

"ம், தட்டுங்கோ."

ரப்பர் சுத்தியலின் மூன்றாவது தட்டில் கழன்றது. மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கலியாணமாகிப் பத்தொன்பது வருடம். அதற்கு முந்திய காலத்தைப் பற்றி, சண்டை நேரம் வன்னியில் இருந்தேன் என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை.

இரவு மீன்குழம்பில் உப்பே இல்லை. குழம்பை இன்னொருக்கா விடச் சொல்லிச் சாப்பிட்டேன்.