கிளட்ச் இல்லாத கார்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் இடது கணுக்கால் இன்னும் வலிக்கிறதா? ஈரத்தில் ரொம்ப நேரம் நிற்காதே.

திட்டாமல் படி. ஆசைப்பட்டபடி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டேன், பழசுதான். ஓட்டிப் பார்த்தபோது பழக்கதோஷத்தில் கியர் மாற்ற இடது காலால் ஓங்கி மிதித்தேன். அது பிரேக்! துணைக்கு வந்த மெக்கானிக்கின் நெற்றியில் சின்னப் புடைப்பு, அவ்வளவுதான்.

"யோவ், இது ஆட்டோமேட்டிக்! கிளட்சே கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார்னா கியர் போட்டு ஓட்டணும், இதப் போய் வாங்குறியே?" என்றார்.

எனக்கு இதுதான் வேண்டும் என்றேன். நேர்முகத் தேர்வன்று என்னைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து, வழியில் சறுக்கி விழுந்தும், வீங்கிய காலாலேயே கியர் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தாயே. அந்தக் காலுக்குக் கிடைத்த வேலைதான் இது. இனி அது சும்மா இருக்கட்டும்.

விசா வந்ததும் நீதான் ஓட்டப்போகிறாய். உன் கால் நீளத்தை நூலால் அளந்து அனுப்பு. இப்போதைக்குக் குத்துமதிப்பாக இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். ஏறும்போதெல்லாம் எனக்கு முட்டி இடிக்கிறது; பின்னால் தள்ளத்தான் மனம் வரவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் பின்சீட்டுக்காரன்