நான் எழுதிக் கேட்ட விளக்குகள்

ஜூலை 1, செவ்வாய்
பெக்கான் நானாஸில் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் புதுத் தெருவிளக்குகள் வந்துவிட்டன. யாரும் இல்லாவிட்டால் மங்கலாகத் தூங்கும். ஆளோ வண்டியோ வந்தால் பளிச்சென்று முழிக்கும். வளைவில் வண்டி ஓட்டுபவர்களுக்காக நகராண்மைக் கழகத்துக்கு நாலு கடிதம் எழுதியது யார்? குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் திருச்செல்வம். அதாவது நான். அங்கே மோட்டார் சைக்கிளோடு லோங்காங் சாக்கடையில் விழுந்ததும் நான்தான். விழுந்தது ‘ஒரு குடியிருப்பாளர்’ என்று கடிதத்தில் போட்டிருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி
எனக்கு இனிப்பு நீர் வியாதி. தே தாரேக்கை, அந்த இனிப்புப் பால் தேநீரை, டாக்டர் நிறுத்தி மூன்று மாதம். தினமும் இரவு ஏழரைக்குப் பூங்காவில் ‘நடக்க’க் கிளம்பி, வளைவைத் தாண்டி சிக்கந்தர் பாய் கடையில் ஒன்று குடித்துவிட்டு வருவதுதான் என் உடற்பயிற்சி. இன்று திரும்பியதும் மனைவி செல்வராணி கேட்டாள்.
“பாய் நல்லாருக்காரா?”
வாசலிலிருந்தே பார்த்திருக்கிறாள். நான் போகப் போக விளக்குகள் ஒவ்வொன்றாக முழித்திருக்கின்றன.
“பூங்கா பக்கம் போக வேண்டிய வெளிச்சம், கடைப் பக்கம் திரும்பிருச்சுங்க.”

ஜூலை 5, சனி
நாலு கடிதம். என் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன், என்னையே காட்டிக்கொடுக்கிற விளக்குகளுக்கு.

ஜூலை 8, செவ்வாய்
வளைவுக் கம்பத்தில் இருக்கும் சென்சார் கண் பார்த்தால்தான் வளைவிலும் கடைப் பக்கத்திலும் விளக்குகள் முழிக்குமாம். பொருத்த வந்தவர்களிடம் பெருமையாக விசாரித்து வைத்திருந்தேன். ராம்புத்தான் பறிக்கும் துரட்டியால் அந்தக் கண்ணுக்கு ஒரு கறுப்புப் பையை மாட்டினேன். இனி நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று செல்வராணிக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 9, புதன்
மகள் ரூபினி சிங்கப்பூர் வேலை முடிந்து மோட்டாரில் சீக்கிரமே வந்துவிட்டாள். வளைவு மங்கல். நடு ரோட்டில் நான், வயிற்றில் தே தாரேக். பிரேக் சத்தம் கேட்டது. நான் லோங்காங்கில் — அதே லோங்காங். அவ மோட்டார் புல்லுல சாஞ்சு கெடந்துச்சு. அவ முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். அவ்வளவுதானா? இன்னும் ரெண்டடி தள்ளி விழுந்திருந்தா சிமெண்டு மதகு.
“லைட் ஏன்பா எரியல? நீங்கதானே கேட்டு வாங்குனீங்க?”
“கெட்டுப்போச்சு போல லா.” லோங்காங்குல நின்னுக்கிட்டே பொய்.

ஜூலை 10, வியாழன்
விடிகாலை இருட்டில், ரூபினி வேலைக்குக் கிளம்புமுன் துரட்டியோடு ஓடினேன். பை கழன்றதும் வளைவே மேடை மாதிரி ஆயிற்று. பின்னால் செல்வராணி.
“இந்த மரத்துல ராம்புத்தான் இனிக்குமாங்க?”
எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.
“அவகிட்ட நீங்களே சொல்லுங்க.”
வாசல் கேட்டருகில் அவளிடம் சொன்னேன். ரூபினி ஹெல்மெட்டை மாட்டினாள். “அலமாக், என்னப்பா இது.”

ஜூலை 13, ஞாயிறு
சங்கக் கூட்டத்தில் அறிக்கை வாசித்தேன். “ஒரு குடியிருப்பாளர் விளக்கின் கண்ணை மறைத்ததால்...” பின்வரிசையில் ரூபினி இருமினாள். “செயலாளர் மறைத்ததால்” என்று திருத்தி வாசித்தேன். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பதவி போகவில்லை; அதை வேறு யாரும் கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி
எட்டு மணிக்கு இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வளைவில் ஒன்று முழித்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, வீட்டை நோக்கி.
“ரூபினி வரா” என்று செல்வராணி தேத்தண்ணி கலக்க எழுந்தாள். மூன்று கோப்பை. என்னுடையதில் சீனி இல்லை.