புறவாசலுக்கு ஓர் அடுப்பு

பாளையங்கோட்டை,
9 ஜூன் 2025.

அன்புள்ள சுஜினுக்கு,

சேசுவுக்கே புகழ். நான், ஃபெமினா, மகள் மூவரும் சுகம். நீயும் சித்தியும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன்.

இந்தக் காலத்தில் எவனாவது கடுதாசி எழுதுவானா என்று சிரிப்பாய். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் 'வேலையில நிக்கேன்' என்று வைத்துவிடுவாய். கடுதாசியையும் கிழித்துப் போடலாம்தான். ஆனால் முதல் வரியையாவது படித்துவிட்டுத்தானே கிழிப்பாய்.

பஹ்ரைன் வேலையை முடித்துக்கொண்டு மார்ச்சில் வந்துவிட்டேன். பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஆறு சென்ட் வாங்கிப் போட்டிருந்தேன் அல்லவா, அதில் வீடு எழும்பிவிட்டது. ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரிக்கிறார். புறவாசலில் ஒரு வேப்பமரமும் கொஞ்சம் வெற்றிடமும் இருக்கின்றன. அங்கே மீன், கோழி சுட ஒரு கிரில் அடுப்பு வேண்டுமென்று ஃபெமினா ஒரே பிடியாய் நிற்கிறாள். எல்லாம் பஹ்ரைன் பழக்கம்.

ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். படத்தில் பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு கோடை மழைக்கே கால் துருப்பிடித்து நொண்டியாகிவிட்டது. ஜங்ஷனில் பாத்திரக்கடை ஹபீப் முகம்மது அண்ணாச்சியிடம் காட்டினேன். "தம்பி, இதெல்லாம் ரெண்டு மழைக்குத் தாங்காது பாத்துக்கோங்க. மீன்பிடி போட்டுக்குக் கம்பி வளைக்கிற ஆளு யாராச்சும் தெரிஞ்சா அவங்ககிட்ட குடுங்க. உப்புக் காத்துல நிக்கிற சாமான் செய்யுதவனுக்குத்தான் இரும்பு தெரியும்" என்றார். எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஆள் நீ ஒருவன்தான்.

பிள்ளைகள் காலம் வரைக்கும் உழைக்கிற மாதிரி ஓர் அடுப்பு செய்து தருவாயா? என்ன ஆனாலும் தந்துவிடுகிறேன். உன் கை இப்போது எப்படி இருக்கிறது? பனிக்காலத்தில் குத்துமே, குறைந்திருக்கிறதா? நடந்தது நடந்துவிட்டது. சித்தியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
ஜெர்வின்


மணப்பாடு,
20 ஜூன் 2025.

ஜெர்வினுக்கு,

கடுதாசி கிடைத்தது. முழுவதும் படித்தேன், கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அதிலேயே உன் அடுப்புக்கு அளவு வரைந்துவிட்டேன். காகிதத்துக்குச் செலவில்லை.

செய்து தருகிறேன். தொழில் என்று வந்தால் யார் கேட்டாலும் செய்ய வேண்டியதுதானே.

கடைக்காரன் எஸ்.எஸ்., துருப்பிடிக்காத எஃகு என்று சொன்னால் எல்லாம் ஒன்றென்று நினைக்காதே. 202 என்று ஒரு மட்ட ரகம் இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்பதைக் காட்டியே உன் தலையில் கட்டிவிடுவார்கள். உனக்கு 304 போதும். கடலோரம் என்றால் 316 போடச் சொல்லியிருப்பேன். பாளையங்கோட்டைக்கு அது வீண் ஆடம்பரம். நெருப்புத் தொட்டி மட்டும் மூன்று மில்லிமீட்டர் கனம் வேண்டும். மெல்லிய தகடு ஒரே வருஷத்தில் அப்பளமாய் நெளிந்துவிடும். ஜி.ஐ. தகட்டைக் கனவிலும் நினைக்காதே. சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகைந்து நெஞ்சுக்குக் கெடுதல். மேலே வைக்கும் கம்பித்தட்டு வார்ப்பிரும்பு. தொட்டியைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டுத் தருகிறேன். பத்து வருஷம் கழித்து அது மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுப்பைக் கெடுப்பது நெருப்பு இல்லை. சுட்டுத் தின்றுவிட்டு அள்ளாமல் விட்ட சாம்பல்தான் கெடுக்கும். இரவுப் பனி அதில் இறங்கினால் இரும்பை அரித்துவிடும். சாம்பலை அன்றன்றைக்கே அள்ளு. மதிலிலிருந்து நாலடி தள்ளி வை. வேப்பமரத்துக்கு அடியில் வைக்காதே. ஆடிக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்து எழுது. மூடி அதற்கு எதிர்ப்புறம் திறக்க வேண்டும்.

கரி நமத்திருந்தால் வெயிலில் காய வை. காய்ந்த தேங்காய்ச் சிரட்டை இரண்டு போட்டால் தானே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் வேண்டாம்.

கையில் அந்த இரண்டு விரலும் மடங்காமலேதான் இருக்கின்றன. கயிறு இழுக்க முடியாததால் கடலுக்குப் போவதில்லை. வெல்டிங் பிடிக்க மூன்று விரல் போதும்.

அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போடுகிறவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டும் சனிக்கிழமை ஒருசந்தியை விடமாட்டேன் என்கிறாள். காலையில் பூசைக்குப் போவாள், பொழுது சாய்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான்.

சுஜின்


பாளையங்கோட்டை,
1 ஜூலை 2025.

அன்புள்ள சுஜின்,

உன் எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஃபெமினா பார்த்துவிட்டு, "அடுப்பு வெவரத்துக்கா அழுவுறீங்க?" என்று கேட்டாள். வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

காற்று இப்போது மேற்கிலிருந்து அடிக்கிறது. குற்றாலத்துச் சாரல் வாடை இங்கே வரைக்கும் வருகிறது. உயரம் ஃபெமினாவின் இடுப்பளவு, முப்பத்து நான்கு அங்குலம். தட்டு ஒரு பெரிய பாறைமீனை முழுசாய்க் கிடத்துகிற நீளம் வேண்டும். நீ 316-லேயே செய். வீண் ஆடம்பரமாக இருந்தால் இருக்கட்டும். கூடுதலாகவும் வாங்கிக்கொள். உனக்குச் செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சித்தி சனிக்கிழமை ஒருசந்தி எதற்கு இருக்கிறாள்? தவக்காலம்கூட இல்லையே. ஏதாவது நேர்ச்சையா? சர்க்கரையை வைத்துக்கொண்டு இதெல்லாம் ஆபத்து. நல்ல டாக்டர் இங்கே ஒருவர் இருக்கிறார், நான் கூட்டிக்கொண்டு போகட்டுமா? மருந்தாவது வாங்கி அனுப்பட்டுமா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
ஜெர்வின்


மணப்பாடு,
9 ஜூலை 2025.

ஜெர்வினுக்கு,

தெரிந்தே கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீ இங்கே வந்தே ஆறரை வருஷம் ஆயிற்று. தெரியாமல்தான் கேட்டிருப்பாய். மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

2018 சிலுவைத் திருவிழாவில், கோயிலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இனிக் குடிப்பதில்லை என்று பொருத்தனை செய்தேன். அப்பா குடித்துத்தான் செத்தார் என்பதால் அவளுக்கு அது பெரிய காரியம். டிசம்பர் 26 மத்தியானம் உன் வீட்டு மொட்டை மாடியில் கோழி சுட்டோம். நான் குடிக்கவில்லை. குடித்திருந்தவன் நீ. கரி நமத்திருந்தது. நான் குனிந்து விசிறிக்கொண்டிருந்தேன். நீ பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்துக்கொண்டு வந்து ஊற்றினாய். தீ என் கையில் ஏறியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மாமனார், "யாருல ஊத்துனது?" என்று கேட்டார். "சுஜின்தான் மாமா. நல்லா குடிச்சிருந்தான்" என்று நீ சொன்னாய். உள்ளே கிடந்த எனக்குக் கேட்டது. கதவோரம் நின்ற அம்மாவுக்கும் கேட்டது.

பதினெட்டு நாளில் உன் கல்யாணம். நின்றுவிடக் கூடாதே என்று வாயைத் திறக்கவில்லை. தாலி கட்டியதும் நீயே சொல்வாய் என்று இருந்தேன். நீ பஹ்ரைனுக்குப் போய்விட்டாய். பிறகு நானே அம்மாவிடம் சொன்னேன். "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு" என்றாள். "ஏலே, உபதேசியார் மகன் பொய் சொல்லுவானா?" என்று கேட்டாள். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் மகன் நீ, பூசையில் வாசகம் வாசித்த பையன். நான் குடிகாரன் மகன்.

பொருத்தனையை முறித்ததால்தான் கை போயிற்று என்று அவள் நம்புகிறாள். அந்தப் பாவம் என்னைவிட்டு இறங்க வேண்டும் என்றுதான் ஒருசந்தி. அந்த ஜனவரியில் தொடங்கியது, ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

டாக்டரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அடுப்பு முக்கால்வாசி முடிந்துவிட்டது, 304-தான். அதற்குக் கூலியும் வேண்டாம். நீ ஒரு தரம் வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. உன் பேச்சைத்தான் அவள் நம்பினாள். உன் பேச்சைத்தான் நம்புவாள்.

சுஜின்


பாளையங்கோட்டை,
18 ஜூலை 2025.

என் சுஜினுக்கு,

ஆமாம். ஊற்றியது நான். குடித்திருந்தது நான். நீ அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. "ஏலே, வேண்டாம்ல, கரி பையப் பைய பிடிக்கும்ல" என்று நீ சொல்லச் சொல்லத்தான் ஊற்றினேன். இதை இன்றுதான் முதன்முதலாக எழுத்தில் பார்க்கிறேன்.

மாமனார் கேட்டதும் என் வாயில் உன் பெயர்தான் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் யோசிக்க ஆறரை வருஷம் இருந்தது, அதற்கு என்ன சொல்ல? ஒவ்வொரு முறை லீவில் பாளையங்கோட்டைக்கு வரும்போதும் இந்த முறை மணப்பாட்டுக்கு வந்து சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு ஞானஸ்நானமோ கல்யாணமோ வந்து நிற்கும், சாக்கு கிடைத்துவிடும். பஹ்ரைனில் நண்பர்கள் கடற்கரையில் கறி சுட்டால் நான் காரை விட்டு இறங்கமாட்டேன். எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்று ஃபெமினா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சித்தி பட்டினி கிடப்பது எனக்குத் தெரியாது சுஜின், சத்தியமாகத் தெரியாது. என் அம்மா போனபிறகு பத்தாவது முடிக்கிற வரைக்கும் மத்தியானச் சோறு எனக்கு உன் வீட்டில்தான். எனக்குப் போட்டுவிட்டுத்தான் உனக்குப் போடுவாள். அந்தக் கை ஒவ்வொரு சனிக்கிழமையும் வெறுமனே இருந்திருக்கிறது. நான் மனுஷனே இல்லை.

போன சனிக்கிழமை திருச்செந்தூர் வரைக்கும் வந்தேன். மணப்பாட்டு பஸ் இரண்டு போயிற்று. ஏறவில்லை. மூன்றாவது வருவதற்குள் திரும்பிவிட்டேன்.

கட்டாயம் வருகிறேன். ஆனால் வீடு மந்திரிப்பு முடியட்டும். மாமனார் வருகிறார், சொந்தமெல்லாம் வருகிறது. இப்போது வெளியே வந்தால் ஃபெமினா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள். இந்தக் கடுதாசியை மட்டும் சித்தியிடம் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜெர்வின்


மணப்பாடு,
5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்.

ஜெர்வின்,

காட்டாதே என்று எழுதியிருந்தாய். காட்டிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் பெட்டியில் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஒரு மாதம்தானே என்றாய். உனக்கு அது ஒரு மாதம், இங்கே அது நாலு சனிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமை காலையில் பூசை முடிந்து வரும் வழியில் அம்மா மணலில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கஞ்சி கொடுத்தேன். பொழுது சாயவில்லை என்று வேண்டாம் என்றாள். அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன்.

அவள் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். மத்தியானச் சோற்றைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினாள். திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். பிறகு என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ சொன்னியே மக்கா, நான் கேக்கலியே" என்று அழுதாள். அப்பா செத்ததற்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு தரம் சொன்னேன், நம்பவில்லை என்றதும் விட்டுவிட்டேன். சாமியாரிடம் சொல்லியிருக்கலாம், உன் வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். செய்யவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்கிற சுகத்திலேயே ஆறரை வருஷம் உட்கார்ந்திருந்தேன். வயிறு காய்ந்தது அவளுக்கு. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை இட்லி அவித்தாள். இனிக் கவலையில்லை என்று நான் நினைத்துக்கொண்டு, "சனிக்கிழமை இனி ஒருசந்தி கிடையாதுல்லா?" என்று கேட்டேன்.

"உண்டு" என்றாள்.

"இன்னும் யாருக்கும்மா?"

"ஜெர்வினுக்கு. அவனுக்கு அம்மை இல்லைல்லா, வேற யாரு இருப்பா?"

சண்டை போட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அவன் வந்து எம் முன்னால நின்னு சொல்லட்டும், அன்னைக்கு விடுதேன்" என்கிறாள். கோபத்தில் சொல்லவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

அடுப்பு முடிந்துவிட்டது. நல்ல கனம், இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். வார்ப்புத் தட்டுக்கு எண்ணெய் தடவி இரண்டு தரம் சுட்டு எடுத்திருக்கிறேன். இனி அதைச் சாக்கு வைத்து நீ எனக்குக் கடுதாசி எழுத வேண்டியதில்லை. உன் மாமனாரையும் வீட்டு மந்திரிப்பையும் நீயே பார்த்துக்கொள், எனக்கு அழைப்பும் வேண்டாம்.

தபாலில் போட்டால் சனிக்கிழமை தாண்டிவிடும் என்பதால், இந்தக் கடுதாசியை அடுப்போடு சேர்த்து லோடு வண்டி பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடமே கொடுத்து அனுப்புகிறேன். இறக்கி வைத்துவிட்டு அவர் மணப்பாட்டுக்கு வெறும் வண்டியாகத்தான் திரும்புகிறார். நீ படித்து முடிக்கிற வரைக்கும் நிற்கச் சொல்லியிருக்கிறேன். முன்சீட்டில் ஆள் கிடையாது.

சுஜின்