இரண்டாம் நாள் பொட்டலங்கள்

சார்,

நேற்று முன்தினம் போஸ்தா பஜாரில் என் குடோனுக்கு ஹவுராவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சின்ன ஃபாக்டரி வைத்திருக்கிறார். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தண்ணீரில் கலந்து குடிக்கிற தூள் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரப் போகிறாராம். குளுக்கோஸும் சிட்ரிக் ஆசிடும் என்னிடம் வாங்குவதாகப் பேச்சு. மாதிரிப் பாக்கெட்டைக் கிழித்து நீட்டினார். ஆரஞ்சு வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. "உங்கள் நாக்கைப் பற்றி பஜாரே பேசுகிறது, ருசி பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் இந்தியில். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டேன். நாக்கில் வைக்க முடியவில்லை. பல் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்குப் பல் வலி கிடையாது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போது எழுதி என்ன பயன் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்திய வருடம்தான் நாம் பழக்கமானோம். லேக் பக்கம் புது சைக்கிளில் தள்ளாடிக்கொண்டு, ஒரு நாயைத் தமிழில் திட்டினேன். பின்னால் வந்த நீங்கள் காலை ஊன்றி நின்று, "சீட்டைத் தூக்குங்கோ. இப்படியே ஓட்டினா முட்டி போயிடும்" என்றீர்கள். நீங்கள் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து, வங்கியில் மேனேஜராக இருந்தவர். நான் பத்தொன்பது வயதில் விருதுநகரிலிருந்து ரயிலேறி வந்து, அடுத்தவன் குடோனில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டி மேலே வந்தவன். நீங்கள் என்னை மொதலாளி என்றீர்கள், பாதி கிண்டலாக. நான் உங்களை மேனேஜர் சார் என்றேன், அதுவும் பாதி கிண்டல்தான்.

ஐம்பத்தேழு வயதில் உங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரே வருடத்தில் இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர் என்று நான்கு சைக்கிள் ஓட்டங்களையும் நேரத்துக்குள் முடிப்பது. ரிட்டயர் ஆவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பீர்கள். மூன்று முடிந்தது. அறுநூறு மட்டும் பாக்கி: கொல்கத்தாவிலிருந்து ஒடிசாவின் பத்ரக் வரை போய், நாற்பது மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும்.

அதற்காக என்ன குடிப்பது என்று நீங்கள் தேடிய அழகை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஐந்து விதத் தூள் டப்பா வாங்கினீர்கள். ஞாயிறுக்கு ஒன்று, அதே கோலாகாட் ரோடு, அதே நேரம். கிளம்புமுன் என் குடோனில் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசில் ஏறி நிற்பீர்கள். திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறுவீர்கள். எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு குறைந்தீர்கள் என்று பார்த்தால், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேர்வையாகப் போயிருக்கும். பாபு தன்னையே விற்க வந்திருக்கிறார் என்று மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். உங்கள் கறுப்பு ஜெர்சி காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். "நான் உப்பு மூட்டை, மொதலாளி. எனக்குச் சோடியம் ஜாஸ்தி இருக்கற தூள்தான் சரிப்படும்" என்பீர்கள்.

கடைசியில் தேர்ந்தெடுத்தீர்களே ஒன்று, ஐந்தில் ருசி குறைந்தது அதுதான். ஆரஞ்சு வாசனை உண்டு, ஆரஞ்சு கிடையாது. நான் முகத்தைச் சுளித்தேன்.

"முதல் வாய் நன்னா இருக்கான்னு பாக்காதீங்கோ. வெயில்ல பாட்டில் சுட்டுப்போன அப்புறம், நூறாவது வாய் இறங்கறதான்னு பாருங்கோ" என்றீர்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உறைத்தது. முப்பது வருடம் சர்க்கரையையும் உப்பையும் நாக்கில் வைத்தே தரம் சொன்னவன் நான். டப்பாதான் வெளிநாடு, உள்ளே இருப்பது என் குடோன் சரக்குதான் என்று வாதாடினேன். நீங்கள் லேபிளைப் படித்துக் காட்டினீர்கள். நான் கேட்கவில்லை.

பொட்டலம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லி, அந்த டப்பாவை என்னிடமே கொடுத்தீர்கள். முதல் நாளுக்குப் பத்து, இரண்டாம் நாளுக்கு எட்டு, பாட்டிலுக்கு ஒரு பொட்டலம். முதல் நாளுக்கு டப்பாத் தூளையே ஒழுங்காகக் கட்டினேன். இரண்டாம் நாளின் எட்டுப் பொட்டலத்தில் என் சரக்கைப் போட்டேன். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சிட்ரிக் ஆசிட், கொஞ்சம் ஆரஞ்சு எசென்ஸ். ஓட்டம் முடிந்து நீங்கள் இறங்கியதும், முந்நூறு கிலோமீட்டர் டப்பாவில் வந்தீர்கள், முந்நூறு என் குடோனில் வந்தீர்கள், வித்தியாசம் தெரிந்ததா என்று எல்லார் முன்னாலும் கேட்பதாகத் திட்டம். கெடுதல் நினைக்கவில்லை. ஜெயிக்க நினைத்தேன்.

செய்த தப்பு என்ன என்று பிற்பாடு ஒரு கெமிஸ்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் டப்பாவில் சோடியம் வேறு வடிவத்தில் இருந்தது. நாக்குக்கு அவ்வளவாகக் கரிக்காது. நான் கரிப்பு சமமாக வரும்வரை என் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நாக்குக்குச் சமம், உங்கள் உடம்புக்குப் பாதிகூட இல்லை. எடையைச் சரிக்கட்ட குளுக்கோஸை ஏற்றி, அந்த இனிப்பை அமுக்கப் புளிப்பைக் கூட்டியிருந்தேன். வெயிலில் வயிறு அதை ஏற்காது என்றார்.

முதல் நாள் நீங்கள் ராஜா மாதிரி ஓட்டினீர்கள். நான் காரில் முன்னால் போய், ஓட்டுகிறவர்களின் கார்டில் முத்திரை போடும் இடங்களில் காத்திருந்தேன். பத்ரக்கில் கொஞ்சம் தூங்கி எழுந்து, விடிகாலையில் என் பொட்டலங்களோடு கிளம்பினீர்கள். பாலசோரில் நின்றபோது, தூள் இன்றைக்கு என்னவோ புளிக்கிறதே என்று கேட்டீர்கள். தூக்கமில்லாத வாய் அப்படித்தான் இருக்கும் என்றேன். அது முதல் பொய்.

ஜலேஸ்வரில் ஒரு தாபாவின் கயிற்றுக் கட்டிலில் உங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு முறை வாந்தி. கெண்டைக்கால் சதை கல் மாதிரி உருண்டு நின்றது. மணி பதினொன்று. செக்டர் ஃபைவில் ஐ.டி. வேலை பார்க்கும் அந்தச் சென்னைப் பெண், கூட ஓட்டிக்கொண்டிருந்தவள், உங்கள் காலைப் பிடித்து நீவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், இவர் என்னதான் குடிச்சார்?"

"எப்பவும் குடிக்கிற டப்பா பவுடர்தாம்மா."

அது இரண்டாவது பொய். அசல் தூள் டப்பா, பத்தடி தள்ளி என் கார் டிக்கியில் இருந்தது. நூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர் பாக்கி, பதினொரு மணி நேரம் பாக்கி. ஒரு மணி நேரம் நிழலில் கிடந்து, சரியானதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருந்தால் எழுந்திருப்பீர்களா, தெரியாது. எழாமலும் போயிருக்கலாம். ஆனால் எதனால் விழுந்தீர்கள் என்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணை மூடியபடியே பேசினீர்கள். "இது ரோடும் இல்லை, தூளும் இல்லை, மொதலாளி. உடம்பு போதும்னுடுத்து."

நான் வாயைத் திறந்தேன். சுற்றி நாலு பேர் நின்றார்கள்.

"வயசாயிருச்சுல்ல சார்," என்றேன். "விடுங்க."

நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். அதுவரை வயதைப் பற்றி யார் பேசினாலும் நையாண்டி பண்ணி அனுப்புகிறவர். அன்று முத்திரை கார்டை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் நீங்கள் ஓடியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். இ.சி.ஜி., ட்ரெட்மில், ரத்தம், தைராய்டு. ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லைதான் உங்களைப் பயமுறுத்தியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது, டாக்டர்கள்தான் தவறவிடுகிறார்கள் என்றீர்கள். சைக்கிளைப் பால்கனியில் துணி போட்டு மூடினீர்கள். ஞாயிற்றுக்கிழமை லேக் பக்கம்கூட வரவில்லை. ஒரு துர்கா பூஜை சமயம், பந்தலில் இலைத்தட்டில் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நன்னாத்தானே போயிண்டிருந்தேன், பாலசோருக்கு அப்புறம் எனக்கு என்னதான் ஆச்சு என்று நீங்களாகவே கேட்டீர்கள். பக்கத்தில் யாரும் இல்லை. அதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? நான் சர்க்கரை விலை ஏறுவதைப் பற்றிப் பேசினேன்.

நாலு வருடம் இப்படியே போயிற்று. பிறகு டெங்கு வந்தது, ஒரு வாரத்தில் உங்களைக் கொண்டுபோயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தேன்.

நேற்று முன்தினம் அந்த ஹவுராக்காரர் போனதும் குடோனை அடைத்துவிட்டு பாலிகஞ்சில் உங்கள் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க உங்கள் மனைவியை பௌதி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். காபி கொடுத்தார்கள். குடிக்குமுன் எல்லாவற்றையும் சொன்னேன், எட்டுப் பொட்டலம், இரண்டு பொய், தாபாவில் நான் சொன்ன அந்த வார்த்தை, எதையும் விடாமல். எழுந்து போகச் சொல்வார்கள் என்று செருப்பு எங்கே கிடக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

பௌதி டம்ளர் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"ராத்திரி தூங்கறச்சே மாரைத் தொட்டுப் பாத்துப்பார்," என்றார்கள். "அடிக்கறதான்னு."

எனக்கு அது தெரியாது, சார்.

"இதை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே. கோவப்பட்டிருப்பார். கத்தியிருப்பார். உங்களோட ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டார். அவ்வளவுதானே? அடுத்த வருஷம் மறுபடி போயிருப்பாரே."

 காபி ஆறிப்போயிற்று. கிளம்பும்போது, அடிக்கடி வந்து போங்கோ என்றார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

நட்டம் வரும் என்று தெரிந்தால் அன்றைக்கே சரக்கைத் தள்ளிவிடுகிறவன் நான். உங்கள் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி வரவில்லை. மற்றவர்கள் முன்னால் மொதலாளி முகம் சிறுத்துப் போகுமே என்று பார்த்தேன். உங்கள் நாலு வருடத்தைப் பார்க்கவில்லை. பௌதி சொன்ன அந்த இரண்டு நாள்தான் என்னோடு இருக்கிறது. ஜலேஸ்வரில் நீங்கள் விழுந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் என்னைத் திட்டியிருந்தால், செவ்வாய்க்கிழமையோடு முடிந்திருக்கும்.