பெரிய சாலையிலேதான் போவேன்

பிப்ரவரி 4, செவ்வாய்

புது நோட்டு. இருநூறு பக்கம். ஒரு நாளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். காகிதம் விற்கிற விலை அப்படி.

இன்று எல்லைக்கு அந்தப் பக்கம், கானாவில், பாகா சந்தை. போனேன், திரும்பினேன். இருபத்திரண்டு கினிக்கோழியைக் கூடையில் அடைத்து, சைக்கிளில் கட்டி, ஒன்பது கிலோமீட்டர் மிதித்து எல்லைச் சாவடிக்குப் போனால் சாவடிக்காரன் பான்சே நிமிர்ந்தே பார்க்கவில்லை. தாள் எங்கே என்றான். நீட்டினேன். பச்சைத் தலைப்புத் தாள், நாலு வருஷமாக நீட்டுகிற அதே தாள். இந்தக் கோழி கூட்டமைப்பு நாட்டில் பிறந்தது, வரி இல்லாமல் விடுங்கள் என்று சொல்கிற தாள். அது இனி செல்லாதாம். எங்கள் பர்க்கினா, மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பை விட்டு வெளியே வந்து ஆறு நாள் ஆயிற்றாம். அப்போ புதுத் தாளைக் கொடு என்றேன். இன்னும் அச்சாகவில்லையாம்.

பழசு செத்துப்போச்சு, புதுசு பிறக்கல. நடுவில நானும் இருபத்திரண்டு கோழியும்.

அதுகூடப் பரவாயில்லை. வழக்கம்போல "என்னடா கடலைத் திருடா, உங்க ஊர்ல கடலை தீர்ந்துபோச்சா, என் கோழியைப் பிடிச்சு வைக்கிற?" என்றேன். அவன் பதிலே பேசவில்லை. அவன் பிஸ்ஸா இனம், நான் குருன்சி இனம். பிறந்ததிலிருந்தே எங்களுக்குள் கேலி முறை. நான் அவன் பரம்பரையையே கடலைத் திருடர்கள் என்பேன், அவன் என்னை நாய்த்தலை தின்னி என்பான். கோபப்படக் கூடாது, அதுதான் முறை. சும்மா இருப்பது கோபப்படுவதைவிடக் கேவலம். அவன் முதுகுக்குப் பின்னால் தலைநகரிலிருந்து வந்த புது மேலதிகாரி, கண்ணாடி போட்டவர், நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

மறுபடி சந்தை நாள். மறுபடி திரும்பினேன்.

மார்செலின் என் கோழிக் கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகை, அவளும் கோழிக்காரிதான். நேற்றே சொன்னாள், புதர் வழியாகப் போய்விடலாம், வறண்ட ஓடையில் இறங்கி ஏறினால் அந்தப் பக்கம் கானா, யாரும் கேட்கப்போவதில்லை என்று. அவளோடு சேர்த்துப் பத்துப் பேர் அப்படித்தான் போனார்கள். நான் போகவில்லை. கள்ளச் சாராயம் தூக்குறவன் புதர்ல போவான். நான் எதைத் திருடினேன்? நான் முட்டை வாங்கி, அடை வைத்து, கம்பு போட்டு வளர்த்தேன். பெரிய சாலையிலேதான் போவேன். தடுத்தால் நின்று தடுக்கட்டும், என் முகத்தைப் பார்த்துத் தடுக்கட்டும்.

வெயிலில் ஒரு கோழி செத்தது. வெண்டைக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. கோபத்தோடு தின்றால் எதுவும் ருசிக்கும்போல.

பிப்ரவரி 8, சனி

பெர்பெத்துவா போன் செய்தாள். என் தங்கை, பாகாவில் கட்டிக்கொடுத்தது. சந்தை வாசலில் அவள் போட்டிருக்கிற சுட்ட கோழிக் கடைக்கு இத்தனை வருஷமும் என் கோழிதான். இரண்டு சந்தையாக அடுப்பு காலி. எங்கிருந்தோ கப்பலில் வருகிற ஐஸ் கோழிக்கால் விற்கிறவன் தினமும் வந்து நிற்கிறானாம். மொத்தமாக ஒரு வருஷத்துக்கு எழுதிக்கொடு, விலை குறைக்கிறேன் என்கிறானாம்.

"அக்கா, இருபதாம் தேதி வரைக்கும் பார்க்கிறேன். அதுக்கு மேல என் வீட்டுக்காரர் வாயை என்னால அடைக்க முடியாது."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு கடை இல்லை. இதை எழுதிப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. எழுதாமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

மூன்றாம் முறை. காற்றில் ஒரே புழுதி, கண்ணைத் திறக்க முடியவில்லை.

கண்ணாடிக்காரர் உள்ளே போன நேரம் பார்த்து பான்சே முணுமுணுத்தான்: "பெரியவர் நினைச்சா கையால எழுதி முத்திரை குத்தித் தரலாம். விதியில இடம் இருக்கு. நினைக்க மாட்டார். புதுசா வந்தவர், பயம்."

பயமாம். எனக்கு இல்லாத பயமா?

சாவடிக் குடியிருப்பு வாசலில் பான்சேயின் அப்பா முக்காலி போட்டு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். பல் நாலுதான் மிச்சம், வாய் மட்டும் நாற்பது பேருக்குச் சமம். என்னைப் பார்த்ததும் "வாடி என் ரெண்டாம் பொண்டாட்டி, நாய் கறி சமைச்சியா?" என்று சாலை முழுக்கக் கேட்கக் கத்தினார். உன் தலையைத்தான் சமைக்கணும், அதுல கறி எங்க இருக்கு என்றேன். சிரித்துச் சிரித்து இருமினார். "நான் செத்தா நீ வந்து என் பாடையை வழி மறிக்கணும், சும்மா விட்டுடாதே" என்றார். ஒரு கை கடலை கொடுத்தார். நல்ல கடலை. அதைத் தின்றுகொண்டே ஒன்பது கிலோமீட்டர் திரும்பினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று ஓடையில் ரோந்துக்காரர்கள் மார்செலினைப் பிடித்துவிட்டார்கள். கோழியும் போச்சு, சைக்கிளும் போச்சு.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று உடனே திரும்பவில்லை. தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் வேப்ப மர நிழலில் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். கோழிகள் போட்ட சத்தத்தில் சாவடிக்காரர்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கினிக்கோழிக்கு அந்த ஒரு குணம் உண்டு, நம் மனசறிந்து கத்தும். நான் இந்த நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கண்ணாடிக்காரரே வந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று சந்தேகமாகக் கேட்டார். உங்களைத்தான் என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஏம்மா, தினம் வந்து என்ன சாதிக்கப்போறீங்க? தாள் வந்தா சொல்லி அனுப்ப மாட்டோமா?"

"சொல்லி அனுப்ப வேண்டாம் ஐயா. நானே வருவேன். இந்தக் கோழி முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சும் வரும்."

அவர் கெட்டவர் இல்லை. சட்டை காலரைத் தொட்டுக்கொண்டே பேசுகிறார், யாரோ மேலேயிருந்து பிடித்து இழுத்துவிடுவார்கள் என்பதுபோல. ஆனால் அவர் நல்லவர் என்பதால் என் கூடை அந்தப் பக்கம் போய்விடுமா? போகாது.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினேன். பான்சே பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான். இரண்டு பக்கம் ஆகிவிட்டது. என் சட்டத்தை நானே மீறுகிறேன்.

பிப்ரவரி 15, சனி, காலை

பான்சேயின் அப்பா விடியற்காலையில் இறந்துவிட்டாராம். ரொட்டிக்காரன் சொல்லிக்கொண்டு போனான். இன்றே அடக்கம்.

கேலி முறைக்காரி நான். போய்த்தான் ஆக வேண்டும். பிணத்தை மறித்துக் கேலி பண்ணாமல் விட்டால் அது செத்தவருக்கு அவமானம். மார்செலின் வேண்டாம் என்கிறாள். "ஒதீல் அக்கா, அங்க பூரா சாவடிக்காரங்க. உன் கோபம் கேலியில தெரிஞ்சுடும். தூக்கி உள்ள வெச்சுடுவாங்க." வைக்கட்டும். கேட்டுக்கொண்டுதானே போனார் மனுஷன்.

அதே நாள், மாலை

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் கோழிக்காரர்கள் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் நுழையும்போதே மற்ற குருன்சிக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் கிழவரின் முக்காலியில் உட்கார்ந்து அவரைப்போலவே இருமிக் கடலை உரித்தான். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அதுவரை சாதாரண சாவுதான்.

தொழுகை முடிந்து பாடையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். நான் முன்னாலேயே போய் என் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, கோழி கட்டுகிற கயிற்றை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிவிட்டேன். மார்செலின் வீட்டுக்காரனின் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். கையில் இந்த நோட்டு.

"நில்லு," என்றேன். "என்ன சாமான் போகுது?"

எல்லாருக்கும் முதலில் புரியவில்லை. பாடையைச் சுற்றி வந்தேன். இது எந்த நாட்டில் உற்பத்தியானது, சான்று எங்கே என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள். பச்சைத் தலைப்புத் தாள் இருக்கிறது என்று நம்ம ஆள் ஒருவன் எடுத்துக்கொடுத்தான். அது செல்லாது, பழைய கூட்டமைப்பு செத்துவிட்டது, இவரைவிட முன்னால் செத்துவிட்டது என்றேன். புதுத் தாள் எப்போ வரும் என்று இன்னொருத்தி கேட்டாள். அச்சாகல, கிழவரைத் திருப்பிக் கொண்டுபோங்க, வர்ற செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றேன். சாலையே சிரித்தது. லாரிக்காரர்கள் இறங்கிவந்து சிரித்தார்கள். இமாம் தாடியைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார்.

நான் பான்சேயைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அவன் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. ஐயோ, அழுகிறான், அளவு மீறிட்டோம், வழி விட்டுடுவோம்னு நினைச்சேன்.

கண்ணாடிக்காரர் பாடைக்குப் பின்னால் நின்றவர் முன்னே வந்து பையில் கைவிட்டுக் காசு எடுத்தார். வழி மறித்தால் காசு கொடுத்து விடுவிப்பதுதான் எங்கும் வழக்கம். நான் வாங்கவில்லை.

"காசு வேண்டாம் ஐயா. தாள் வேணும். எழுதித் தர்ற தாள். அது வந்தாத்தான் கிழவர் போவார்."

இது விளையாட்டு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இது சாவு வீடு அம்மா என்றார் அவர், மெதுவாக. அப்போதுதான் பான்சே பேசினான். கண் முழுக்கத் தண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு.

"ஐயா, முறைக்காரி கேட்டதைக் கொடுக்காம எங்கப்பா நகர முடியாது. கேட்டுட்டா."

காலரைத் தொட்டார். பாடையைப் பார்த்தார். "சரி. எழுதித் தர்றேன். வழி விடுங்க."

கயிற்றை அவிழ்த்தேன். பாடை என்னைத் தாண்டும்போது உரிக்காத கடலை ஒரு கை அதன்மேல் போட்டேன். வழியில் தின்னட்டும்.

நான் கேலிக்குப் போனேனா, பழிக்குப் போனேனா? இரண்டுக்கும்தான். கிழவர் இதைக் கேட்டால் இன்னும் சத்தமாக இருமியிருப்பார். வீட்டுக்கு வந்த பிறகு அவருக்காக உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சந்தை. பான்சே துக்க விடுப்பு. கண்ணாடிக்காரர் மட்டும் இருந்தார். தாள் கேட்டேன். அது விளையாட்டுக்குச் சொன்னது அம்மா என்றார்.

அடப்பாவி மனுஷா! விளையாட்டுல யாருக்குக் கொடுத்த வாக்கு? எனக்கா? மண்ணுக்குள்ள போயிட்டவருக்கு!

கத்தவில்லை. என் பின்னால் நின்ற ரொட்டிக்காரனிடம் திரும்பி, ஐயா கிழவருக்குக் கொடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டாராம் என்று மட்டும் சொன்னேன். அவன் அவனுக்குப் பின்னால் இருந்தவனிடம் சொன்னான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு வந்தபோது எனக்கு முன்னாலேயே செய்தி அங்கே வந்திருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூன்று நாளாகச் சாவடியைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் கண்ணாடிக்காரரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்களாம்: ஐயா, கிழவர் கனவில் வந்தாரா?

நான் யாரையும் கேட்கச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

மிச்சம் பதினெட்டுக் கோழி. நாளைக்கு இருபதாம் தேதி, பெர்பெத்துவா சொன்ன கெடு. பெரிய சாலையிலேதான் போனேன்.

மேசையில் பான்சே, மொட்டைத் தலையோடு. ஜன்னலுக்கு உள்ளே கண்ணாடிக்காரர் ஏதோ படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கக்காரனிடம் என்ன கேட்பது?

அவனே கேட்டான். "அந்த நோட்டு இருக்கா?" அலுவலகத்துத் தாள் எல்லாவற்றிலும் தலையில் கூட்டமைப்பின் பெயர் அச்சடித்திருக்கிறதாம், ஒரு வெள்ளைத் தாள்கூடக் கிடையாதாம். ஒரு பக்கம் கிழித்துக் கொடுத்தேன். எழுதினான். கினிக்கோழி பதினெட்டு. பிறந்த ஊர், வளர்த்தவர் பெயர். ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினான். கை ஒன்று வாங்கியது. அப்புறம் முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது.

கட்டை உயர்ந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி போயிருப்பேன்.

"ஏய் நாய்த்தலை தின்னி! திரும்பி வரும்போது எங்கப்பாவுக்குப் போட்ட கடலையில எனக்கும் கொண்டு வா!"

கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன்.

பெர்பெத்துவா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

புதுத் தாள் இன்னும் அச்சாகவில்லை. மார்செலின் கடன் சைக்கிளில் வருகிறாள். புதரில் போன பத்துப் பேரும் இப்போது பெரிய சாலைதான். ஆளுக்கு ஒரு பக்கம் வீதம் ஒவ்வொரு சந்தைக்கும் பதினொன்று கிழிகிறது. எழுதிய பக்கங்களைத் தொடவிடவில்லை, மிச்சத்தை எண்ணவும் இல்லை. நோட்டு மெலிவது கையில் பிடித்தாலே தெரிகிறது.

இனிமேல் எழுத்தைப் பொடியாக்க வேண்டும்.