ஓரத்தில் நீ எழுதியது

என் செல்ல ரோஸி அக்கா,

நீ போய் இருபது நாள் ஆகிறது. அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த உன் பையை நான் இன்னும் பிரிக்கவில்லை. கண்ணாடிக்கூட்டுக்குள் நீ மடித்து வைத்திருந்த கடைசிக் காகிதத்தை மட்டும் எடுத்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். திட்டாதே.

நம் கோயிலின் பங்கு மடலில் இதைப் படிப்பவர்களுக்கும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். குருவானதும் நான் வைத்த முதல் ஞாயிறு பூசைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். நீதான் பிரசங்கம் எழுதிக் கொடுத்தாய். "இந்த ஒரு தடவைதான்டா" என்றாய். இருபது வருடம் ஓடிவிட்டது.

இறையியலை எனக்கு முன்பே கரைத்துக் குடித்தவள் நீ. குருமடத்தில் உன்னிடம் விவிலியம் படித்த பையன்கள் எல்லாம் குருவாகிப் பீடம் ஏறினார்கள். நீ மட்டும் மூன்றாம் பெஞ்சில். விவிலியத்தில் பெயர்கூட இல்லாத பெண்களைப் பற்றி நீ புத்தகம் எழுதியபோது, பெண்களைக் கெடுக்கிறாள் என்றார்கள். அதே கருத்தை நான் மைக்கில் சொன்னால், "ஃபாதர், ரொம்ப ஆழம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அது உன் எழுத்து என்று யாரிடமும் சொல்லவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் பிரசங்கங்களைப் புத்தகமாகப் போடலாம் என்று பங்குப் பேரவையினர் வந்தார்கள். அட்டையில் என் படம். நான் மறுக்கவில்லை, அக்கா. உன்னிடம் சொன்னேன். "போட்டுக்கோடா. படம் எடுக்கும்போது தலைய ஒழுங்கா வாரிக்கோ" என்றாய். உனக்கு ஏன் கோபமே வரவில்லை? நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேனே.

போன ஞாயிறு நற்செய்தியில், வீட்டுக்கு வந்த இயேசுவுக்குச் சமைத்துப் பரிமாறிய மார்த்தாவும் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாவும் வந்தார்கள். எப்போதும் நாலு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். இந்த முறை பிரசங்கம் அந்தக் கண்ணாடிக்கூட்டுக் காகிதத்தில் இருந்தது; உன் கையெழுத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. முன்கூட்டிப் படிக்காமலே ஏறிவிட்டேன்.

"இயேசுவே மெசியா என்று பேதுரு சொன்னார். மார்த்தாவும் அதையேதான் சொன்னாள். பேதுருவின் கையில் விண்ணகத் திறவுகோலைப் பார்க்கிறோம். மார்த்தாவின் கையில் கரண்டியை மட்டும்தான் பார்க்கிறோம்" என்று வாசித்தேன். அதே வேகத்தில் அடுத்ததையும் வாசித்தேன்: "இங்க நிறுத்து. தண்ணி குடி. சிரிப்பாங்க, நீ சிரிக்காதே. கண்ணாடியைக் கழட்டாதே தம்பி."

மைக்கில், அக்கா. நீ எனக்காக ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு, கோயில் முழுக்கக் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதேன். பிறகு சொன்னேன்: "இது என் அக்கா எழுதியது. இத்தனை வருடமும் நான் பேசியதெல்லாம் அவள் எழுதியதுதான்."

பூசை முடிந்ததும், நீ வழக்கமாக மீன் வாங்கும் ஸ்டெல்லா வாசலில் மடக்கினாள். "இன்னா சாமி, எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும்னு நெனச்சிக்கினு கீறீங்களா? அக்கா மீன் வாங்க வரசொல்ல எல்லாத்தையும் எங்கையில சொல்லிப் பாத்துட்டுத்தான் போவும். அந்தக் கரண்டி மேட்டரு நான் சொன்னது!"

ஓஹோ, நீயும் என்னைப் போலத்தானா என்று ஒரு நிமிடம் அற்பமாகச் சந்தோஷப்பட்டேன். அறைக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். அந்த வரிக்கு நேராக, ஓரத்தில், பொடி எழுத்தில் 'ஸ்டெல்லா சொன்னது' என்று இருந்தது.

நீ பெயர் எழுதியிருந்தாய். நான்தான் இருபது வருடமாக எழுதவில்லை.

ராயப்பேட்டை அச்சகத்துக்கு நேற்று நானே போனேன். அட்டையிலிருந்து என் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். உன் பெயர்தான் வருகிறது. கரண்டி வரிக்குக் கீழே ஸ்டெல்லாவின் பெயரும் வருகிறது. உன் ஓரக் குறிப்புகளையும் விடாமல் அச்சிடுகிறார்கள். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

இன்னொன்றும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வரும் ஞாயிறு பூசையில் நற்கருணை கொடுத்து முடிந்ததும் ஸ்டெல்லா பேசுகிறாள். "எனக்கு மைக்குன்னா ஒதறும் சாமி" என்றாள், ஆனாலும் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, இறங்கிவந்து, மூன்றாம் பெஞ்சில் உன் இடத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இதை எழுதும்,
உன் தம்பி அருள்