ஹாலிஸ் கவுண்டிக்கு எத்தனை மார்க்

மே 3, சனி

ஹாலிஸ் கவுண்டியில் வாடகைக்கு எடுத்திருக்கும் இந்த நிலத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட உட்கார்ந்தேன். கிணறு 310 அடி ஆழம். தண்ணீரில் கொஞ்சம் இரும்பு வாடை, எட்டு மார்க். மண் முழுக்கக் கல். ஐந்துக்கு மேல் போட மனசு வரவில்லை. விறகுக்குப் பத்து. பெரிய நகரம் எதுவும் நூறு மைலுக்குள் இல்லை, ஒன்பது. நம் கூரையில் ஏறி நின்று பார்த்தாலும் இன்னொரு கூரை தெரியவில்லை. அதனால் 'அக்கம்பக்கம்' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டேன்.

என் மனைவி கோராலி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பக்கத்துல ஆளே இல்லைங்கறதுக்குப் பத்தா? உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யாருய்யா?"

கரண்டும் கடைகளும் ஒருநாள் மொத்தமாக நின்றுபோனால், பசித்தவன் தனக்குத் தெரிந்த கதவைத்தான் முதலில் தட்டுவான். பதினாலு மாதத்துக்குக் கோதுமையும் பீன்ஸும் அடுக்கி வைத்திருக்கும் நம் கதவு யாருக்கும் தெரியக் கூடாது. எத்தனை தடவை சொல்வது இவளுக்கு!

இப்போதைக்கு வாடகைதான். வாங்குகிறோமா இல்லையா என்று நவம்பர் முடிவதற்குள் நிலத்துக்காரரிடம் சொல்ல வேண்டும். கோராலி வேண்டாம் என்றால் பழையபடி கொலம்பஸ் நகரத்துக்கே திரும்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்த நேரத்தில் கொடுத்தேனோ.

மே 11

சாலையோரம் நட்டிருந்த பச்சை நிற வீட்டு எண் பலகையைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டேன். கேட்டை மறைத்து தேவதாருக் கிளைகளைக் கட்டினேன். காரில் போகிறவனுக்கு இங்கே பாதை இருப்பதே தெரியாது. எனக்குப் பரம திருப்தி.

"முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்ப தலைமறைவு வாழ்க்கையா, லோவல்?" என்றாள்.

மே 19

அப்படியும் ஒருத்தி வந்துவிட்டாள். மேட்டுக்கு அந்தப்புறம் மாடு வளர்க்கும் ஆர்லிஸின் மனைவி, பெயர் டெல்ஃபியா. கையில் ஸ்ட்ராபெரி கேக். உள்ளே விடாமல் கேட்டிலேயே வாங்கிக்கொண்டேன். "நாங்க வாரக் கடைசில மட்டும் வந்து போறவங்க" என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

கோராலி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். என்னைக் கூப்பிடாமல் கேக்கை முக்கால்வாசி அவளே சாப்பிட்டாள்.

ஜூன் 30

முதல் பீன்ஸ். ஒரு வாளி நிறைய.

ஜூலை 14

இன்று நேராகவே கேட்டாள். "இதெல்லாம் எதுக்கு? உண்மையைச் சொல்லு."

என்னத்தைச் சொல்வது? கொலம்பஸில் பனி விழுந்து ஒன்பது நாள் கரண்ட் இல்லாமல் போனபோது நாங்கள் பதினோராம் மாடியில் இருந்தோம். இவளுடைய மூச்சு மெஷின் ஓடவில்லை. இவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருட்டில் படி இறங்கினேன். ஏழாவது மாடியில் உட்கார்ந்து, "நீ போ, நான் மெதுவா வரேன்" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இனி ஒருநாளும் இவளை அப்படி உட்கார விடமாட்டேன் என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தேன்.

இதைச் சொல்ல வரவில்லை. "முன்ஜாக்கிரதை" என்றேன். "ஓகோ" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22

"இங்க எனக்குப் பேச யாருமே இல்ல. நவம்பர்ல நான் என்ன சொல்வேன்னு இப்பவே கேக்காதே." கேட்காமலே சொன்னாள். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை பீன்ஸ் பாத்தியில் மண்ணுக்குள் இருந்த குளவிக் கூட்டை மிதித்துவிட்டாள். இவளுக்குக் குளவி கொட்டினால் ஆகாது, மூச்சு அடைத்துவிடும். அதற்கான மருந்து ஊசி வீட்டில் இரண்டு இருந்தது. ஒன்றைப் போட்டேன். உதடு வீங்கிப் பேச்சு குழறியது. அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிட்டு விலாசம் சொன்னேன். பத்து நிமிஷத்தில் சைரன் கேட்டது. வந்துட்டாங்க, கோராலி, வந்துட்டாங்க — என்றேன்.

சைரன் எங்களைத் தாண்டிப் போனது.

திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போனது. பலகையைப் பிடுங்கினவன் எவன்? கிளையைக் கட்டி மறைச்சவன் எவன்? நான்தானே! கால் மைல் ஓடிப்போய் வழிகாட்ட இவளை எப்படி விட்டுப்போறது? இரண்டாவது ஊசியையும் போட்டுவிட்டு மடியில் கிடத்திக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

அப்போது மேட்டிலிருந்து வேலியை நொறுக்கிக்கொண்டு டிராக்டர் இறங்கியது. ஆர்லிஸும் டெல்ஃபியாவும். ஆம்புலன்ஸ்காரர்கள் பேசுவதை இந்த ஊரில் எல்லோரும் வீட்டு ரேடியோவில் கேட்பார்களாம். டெல்ஃபியா குதித்து இறங்கி இவள் தலையைத் தாங்கிக்கொண்டாள். ஆர்லிஸ் அதே வேகத்தில் கேட்டுக்கு ஓட்டி, சங்கிலியை அறுத்து, வண்டியை உள்ளே அழைத்து வந்தார்.

பிழைத்துவிட்டாள். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நான் ஒரு மடையன்.

செப்டம்பர் 10

பலகையை நட்டேன். கிளைகளை எரித்தேன். வேலியைச் சரிசெய்ய ஆர்லிஸ் வந்தார். நாங்கள் வார இறுதிக்கு மட்டும் வருகிறவர்கள் இல்லை என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"தெரியுமே" என்றார் முளையை அடித்துக்கொண்டே. "உங்க கோதுமை மூட்டையெல்லாம் இறக்கினது என் மச்சினன் லாரிதான். இந்தக் கவுண்டியில ரகசியமா தும்மக்கூட முடியாதுங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 28

ஏழாவது மாடிப் படியைப் பற்றி இன்று கோராலியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "இதைச் சொல்ல இத்தனை வருஷமா உனக்கு?" என்று என் காதைப் பிடித்துத் திருகினாள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை. நானும் அசையவில்லை.

அக்டோபர் 19

ஞாயிறுதோறும் டெல்ஃபியா இவளைத் தன் லாரியில் அழைத்துப் போய்விடுகிறாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கோராலி, "உனக்கெதுக்கு?" என்கிறாள். முடிவு என்ன என்று கேட்க வாய் வரைக்கும் வருகிறது. விழுங்கிவிடுகிறேன். இவள் போகலாம் என்றால் போய்விடுவேன். மறுபேச்சு பேச எனக்கு என்ன முகம் இருக்கிறது?

நவம்பர் 29, சனி

நாளையோடு கெடு முடிகிறது. இவள் காலையிலேயே டெல்ஃபியாவோடு கிளம்பிவிட்டாள். ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டுவதற்காகக் கொட்டகையிலிருந்த காலிப் பெட்டிகளை எடுத்து, தூசி தட்டித் தயாராக வைத்தேன்.

மதியம் டெல்ஃபியாவின் லாரி வந்து நின்றது. பின்னால் ஈரச் சாக்கில் சுற்றிய ஆறு கன்றுகள். கோராலி இறங்கி, கிணற்றுக்கு மேற்கே வெயில் விழும் இடத்தில் காலால் ஆறு கோடு கிழித்தாள்.

"பேரிக்காய்க் கன்னு. ரெண்டடி ஆழம் தோண்டணுமாம். கல்லு நிறைய இருக்கு, முனகாம தோண்டு" என்றாள்.

"காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?"

"அஞ்சு. சில சமயம் ஆறு."

மண்வெட்டியைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது.